தேறலும் தோட்டக் கள்ளும்

ஒரு மக்களின் வரலாற்றை அவர்தம் போர்களாலும் அரசர்களாலும் மட்டும் அளந்துவிட இயலாது. அவர்கள் உண்டதும், உடுத்ததும், உழைத்துக் களைத்தபின் அருந்தியதும் வரலாறே ஆகும். மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுந்தோர் இரப்பர்த் தோட்டத்தையும், தமிழ்ப்பள்ளியையும், கோயிலையும் விரித்துரைத்தனர். கள்ளுக்கடையைப் பற்றியோ ஒரு வசையளவில் சொல்லி நகர்ந்துவிட்டனர். குடியைப் போற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு காலத்தில் மதுவின் சுவையை நுட்பமாக வகுத்துரைத்த மொழி, பிற்காலத்தில் அதுபற்றி இகழ்ச்சிச் சொற்களை மட்டுமே கைக்கொண்டது ஏன் என்பதை ஆராய்வதே ஈண்டு நம் நோக்கம்.

சங்கப் புலவரின் நா

கள், நறவு, மட்டு, பிழி, தேறல், தோப்பி எனச் சங்க நூல்களில் மதுவுக்கு வழங்கும் பெயர்கள் பல. இவை பொருள் வேறுபாடின்றிக் குவிந்த சொற்கள் அல்ல. தெளியவைத்து எடுத்தது தேறல். தெளிதல் என்னும் வினையோடு உறவுடைய சொல் அது. இல்லத்தில் அரிசி கொண்டு சமைத்தது தோப்பி எனப் பெரும்பாணாற்றுப்படையால் அறிகிறோம். குறவர், நீண்ட மூங்கிற் குழாயில் இட்டு முதிரவைத்த தேன் தேறலைத் திருமுருகாற்றுப்படை காட்டுகிறது. நிலத்துள் புதைத்து முதிரவைத்த மதுவைப் புறநானூறு பேசுகிறது.

சுவையைச் சொன்ன முறை இன்னும் வியப்புக்குரியது. நாட்பட்ட தேறலின் கடுமையை ஔவையார் தேள் கொட்டிய கடுப்போடு ஒப்பிட்டார். சிறுபாணாற்றுப்படையின் ஆசிரியரோ சினந்தெழுந்த பாம்பை உவமையாக்கினார். ‘நன்று’, ‘இனிது’ என்று பொதுப்படச் சொல்லாமல், குடித்தவன் நாவிலும் நரம்பிலும் உணர்ந்ததைக் கேட்போனும் உணருமாறு சொல்லுகிற கலை இது.

அயல்நாட்டு மதுவும் தமிழகம் வந்தது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி மகிழுமாறு, பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். இப்பாடல் புறநானூற்றில் 56ஆம் பாடலாக அமைந்துள்ளது. முசிறித் துறைக்கு மது சிறிதளவே வந்ததாகப் பெரிப்புளூசு என்னும் கிரேக்கக் கடற்செலவு நூல் குறிக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நிகழ்த்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த இருகாதுச் சாடிகளின் உடைசில்லுகள் கிடைத்தன. புலவர் வாக்கை மண்ணும் உறுதிப்படுத்தியது.

கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்த வள்ளுவர்கூட, காமத்துப்பாலில் காதலின் பெருமையைச் சொல்லக் கள்ளையே ஒப்புமைக்கு அழைத்தார் என்பதையும் மாணாக்கர் நினைவிற்கொள்ள வேண்டும். விலக்கத்தக்கது என்று கருதிய பொருளையும் அவர் கூர்ந்து நோக்கினார்.

சுவையறிதல் ஒரு துறையான கதை

மேலைநாட்டில் இக்கலை ஒரு துறையாகவே வளர்ந்தது. 1976ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் பாரிசு நகரில் ஒரு சுவைப்போட்டி நடைபெற்றது. புட்டியின் பெயரை மறைத்து, பிரெஞ்சு மதுக்களையும் அமெரிக்கக் கலிபோர்னிய மதுக்களையும் பிரெஞ்சு நடுவர்களிடம் கொடுத்தனர். செம்மதுவிலும் வெண்மதுவிலும் கலிபோர்னியாவே முதலிடம் பெற்றது. பெயரை மறைத்தபின் நா சொன்ன தீர்ப்பு, பெயரைக் கண்டு மனம் சொல்லிவந்த தீர்ப்பினின்றும் வேறாயிற்று.

கலிபோர்னியாவின் டேவிசு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் நோபிள் என்னும் அம்மையார் 1984இல் மதுவின் மணங்களை ஒரு சக்கர வடிவில் வகைப்படுத்தினார். அதில் ‘உயர்ந்தது’, ‘நேர்த்தியானது’ போன்ற மதிப்பீட்டுச் சொற்களுக்கு இடமில்லை. பழம், மலர், புல், மரம், மண் எனக் கையால் எடுத்துக் காட்டத்தக்க பொருள்களின் பெயர்களே உண்டு. தேளையும் பாம்பையும் உவமை சொன்ன நம் புலவரின் நெறிக்கு இது தொலைவானதன்று.

இங்கே தமிழுக்கு ஒரு வாய்ப்பும் உண்டு. செம்மது, திராட்சைத் தோலோடும் விதையோடும் சேர்ந்து நொதிப்பதால் நாவை இறுக்கும் தன்மை பெறுகிறது. வெண்மதுவில் தோலை முன்னரே நீக்கிவிடுவதால் புளிப்பே மேலோங்குகிறது. நாவை இறுக்கும் அத்தன்மையை நாம் நெல்லிக்காயிலும் வாழைப்பூவிலும் அறிவோம். துவர்ப்பு என்று பெயரிட்டு அறுசுவையுள் ஒன்றாகவே வைத்துள்ளோம். ஆகவே சொல் இல்லாமையால் தமிழ் வாய் மூடியது என்று கூற இடமில்லை. காரணம் வேறிடத்தில் இருக்கிறது.

தோட்டத்துக் கள்ளுக்கடை

சிலாங்கூரில் இரப்பர்ப் பயிர் பரவியபோது, ஒப்பந்த முறையாலும் பின்னர்க் கங்காணி முறையாலும் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் கொணரப்பட்டனர். கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் அவர்களால் உருவானவை. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சோ செங்கற் சூளையால் பெயர்பெற்று, இரயில்வே ஊழியரின் குடியிருப்பாக வளர்ந்தது.

விடியுமுன் பெரட்டு, பின்னர்ப் பால்வெட்டு, பிற்பகல் எடை என்று நாள் முடிந்ததும், லயத்திலிருந்து எட்டிய தொலைவிலேயே கள்ளுக்கடை காத்திருந்தது. உரிமம் பெற்று அதை நடத்தியது தோட்ட நிருவாகமே. நகரங்களில் அரசாங்கக் கள்ளுக்கடைகள் இருந்தன. தோட்டக் கடையின் ஆதாயம் தொழிலாளர் நலனுக்குச் செலவிடப்படும் என்றனர். கடையை மூடினால் கள்ளச் சாராயம் பெருகும் என்றும், கள் உடலுக்கு ஊட்டந்தரும் என்றும் முதலாளிகள் வாதிட்டனர். தொழிலாளியின் கூலியில் ஒரு பகுதி அவன் வேலைசெய்த தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே திரும்பிச் சென்றது என்பதே இவ்வாதங்களின் அடியில் கிடந்த உண்மை.

கள்ளின் இயல்பும் இதற்குத் துணைசெய்தது. தென்னம்பாளையிலிருந்து வடியும் நீர் சில மணி நேரத்திலேயே தானாக நொதித்துவிடும். மறுநாள் புளித்துக் காடியாகத் தொடங்கும். திராட்சை மதுவைப்போல் ஆண்டுக்கணக்கில் வைத்துப் பேண இயலாது. அன்று இறக்கியதை அன்றே விற்றாக வேண்டும். அன்றே குடித்தாக வேண்டும்.

சுவையைப் பற்றிய சொல் எங்கே பிறக்கிறது? ஒன்றோடொன்றை ஒப்பிட்டு, வேண்டியதைத் தேர்ந்து, வேண்டாததை விலக்கும் உரிமை உள்ள இடத்தில் பிறக்கிறது. அதியமான் அவையில் ஔவைக்கு அவ்வுரிமை இருந்தது. கள் சிறிதளவே கிடைத்தால் அதைத் தமக்கே தந்துவிடுவான் என்று, அவன் இறந்தபின் அவர் பாடினார். அங்கே கள் நட்பின் அடையாளம். ஒரே கடை, ஒரே கள், ஒரே நேரம் என்றிருந்த தோட்டத்திலோ குடித்தவன் தேடியது சுவையன்று, களைப்புத் தீர்க்கும் மயக்கமே. 1884இல் தோன்றிய சிலாங்கூர் மன்றத்தில் துரைமார் விஸ்கி அருந்தியது நாகரிகம் எனப்பட்டது. லயத்துத் தொழிலாளி கள் அருந்தியதோ அவன் இனத்தின் குணம் எனப்பட்டது.

கிள்ளான், 1941

இவ்விழிசொல்லுக்கு மறுமொழி கிள்ளானிலிருந்தே எழுந்தது. ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழிகாட்டுதலில், 1941இல் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, மருத்துவ வசதி, பெண்டிர்க்குப் பாதுகாப்பு, துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கும் இழிவுக்கு முடிவு ஆகியவை அவர்தம் கோரிக்கைகள். அப்பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: கள்ளுக்கடைகளை மூட வேண்டும்.

இதனை நாம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். குடிகாரர் என்று எவரை இகழ்ந்தனரோ, அவரே கடையை மூடு என்றனர். கூலியையும் கள்ளையும் ஒரே தாளில் எழுதியதன்வழி, இரண்டும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பதைத் தாம் உணர்ந்திருந்ததை வெளிப்படுத்தினர். விடையாகக் கிடைத்ததோ அடக்குமுறை. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார், கொந்தளிப்புப் பரவியது, சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுப் படை வரவழைக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

எனினும் அக்குரல் அவியவில்லை. போர் முடிந்தபின் கெடா மாநிலத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்து, 1947இல் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் நடத்தியது. தமிழகத்தில் இராசாசி 1937இல் சேலம் மாவட்டத்தில் கொணர்ந்த மதுவிலக்கு, ஆட்சியாளர் மேலிருந்து இட்ட ஆணை. அமெரிக்கா 1920 முதல் 1933 வரை கண்ட மதுவிலக்கும் சட்டத்தால் வந்ததே. கிள்ளானிலும் கெடாவிலும் எழுந்ததோ, தோட்டத்து மக்களே கேட்ட விடுதலை.

அமெரிக்கத் திராட்சைத் தோட்டங்களிலும் இத்தகைய குரல் ஒலித்ததுண்டு. 1965இல் கலிபோர்னியாவின் டெலானோவில் பிலிப்பினோ தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தத்தில், சீசர் சாவேசு தலைமையில் மெக்சிக்க வழித் தொழிலாளரும் இணைந்தனர். 1970 வரை நீண்டு அவர்கள் வெற்றி கண்டனர். பாரிசு நடுவர் வியந்த மதுவுக்குப் பின்னால் நிலமும் வெயிலும் மட்டுமல்ல, கொத்துப் பறித்த கைகளும் உண்டு.

நம் கடமை

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து மக்கள் நகரம் புகுந்தனர். கள்ளின் இடத்தை மலிவான சம்சு பிடித்தபோது ஏழைக் குடும்பங்களின் துயர் மிகுந்ததே ஒழியக் குறையவில்லை. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அதனை எதிர்த்து நெடுங்காலம் பரப்புரை செய்தது.

சங்க இலக்கியத்தில் தேறல் வரும் பாடலைக் கற்பிக்கும் ஆசிரியர், நாணத்தால் அதனைத் தாண்டிச் செல்ல வேண்டுவதில்லை. அப்புலவர் எவ்வளவு கூர்ந்து உணர்ந்து சொன்னார் என்பதைக் காட்டலாம். அதே வகுப்பில் 1941இன் கோரிக்கைப் பட்டியலையும் படித்துக் காட்டலாம். பாளை சீவியோரின் சொற்களும், கள்ளுக்கடையின் முன் கணவனுக்காகக் காத்துநின்ற பெண்டிரின் சொற்களும் இன்னும் முதியோர் சிலர் நாவில் உள்ளன. அவற்றைக் கேட்டு எழுதி வைப்பது நம் மாணாக்கர் செய்யத்தக்க வரலாற்றுப் பணி. குடிகாரச் சமூகம் என்ற பழிக்கு நம்மிடம் உள்ள சான்றான விடை, கடையை மூடச் சொன்னவர்கள் நம் முன்னோரே என்பதுதான். அவ்விடையை அறியாமல் ஒரு தமிழ் மாணவனும் பள்ளியை விட்டு வெளியேறுதல் தகாது.