மூச்சுக்கு ஒரு நீர்க்கலம்



குறட்டையை நகைப்புக்குரிய செய்தியாகவே நம்மவர் கருதி வந்திருக்கின்றனர். பாலக்கரையிலிருந்து புறப்பட்டுக் காவிரிப் பாலத்தைக் கடந்தால் திருவரங்கம். கம்பர் தம் இராம காதையை அரங்கேற்றியது அங்கேதான் என்பது மரபு. அக்காவியத்தில் கும்பகருணனைத் துயிலெழுப்பும் பகுதியைப் படித்து நகைக்காதவர் யார்? நானும் நகைத்தவனே. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே, நாற்காலியில் அமர்ந்தவாறு கண்ணயர்ந்து, மாணவர்களின் சிரிப்பொலி கேட்டு விழித்த நாள் வரையில்!

அந்நாளில் என் மனைவி என்னிடம் சொன்ன சொல் இன்னும் நினைவில் நிற்கிறது. "குறட்டை கூடப் பரவாயில்லைங்க. அது நின்று போகிறதே, அப்போதுதான் எனக்குப் பயமாயிருக்கிறது. மூச்சு திரும்ப வரும்வரை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்." மருத்துவர்கள் கருவிகொண்டு அளப்பதை அவள் விரல்விட்டு எண்ணியிருக்கிறாள். பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அதனை மூச்சுத்தடை என்று கணக்கிடுவர். நோய் முற்றியவர்க்கு ஒரு மணி நேரத்தில் முப்பது முறைக்கு மேலும் அது நேரும்.

இந்நோயை மருத்துவ உலகம் அறிந்துகொண்ட வரலாறு விந்தையானது. 1836-37ஆம் ஆண்டுகளில் டிக்கன்ஸ் எழுதிய பிக்விக் கதையில், நின்றவாறே உறங்கிவிடும் ஜோ என்ற பருத்த சிறுவன் வருகிறான். அதற்கு 120 ஆண்டுகள் கழித்து, 1956இல், அமெரிக்க மருத்துவர் பர்வெல்லும் அவர்தம் தோழர்களும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினர். சீட்டாட்டத்தில் வெல்லக்கூடிய சீட்டுகள் கைக்கு வந்திருந்தும், அவற்றைப் பயன்படுத்தாமல் உறங்கிவிட்டாராம் அம்மனிதர்! டிக்கன்ஸ் கதையை நினைந்து நோய்க்குப் 'பிக்விக்' பெயரையே அவர்கள் இட்டனர். ஆயின் உடற்பருமனையே பெரிதாகக் கருதிய அவர்கள், இரவில் தொண்டையில் நிகழ்வதைக் காணவில்லை. உறங்கும் நோயாளியின் அருகில் கருவிகளுடன் விழித்திருந்து, மூச்சு அடைபடுவதைக் கண்டவர்கள் 1965இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஆராய்ந்தவர்களே. உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நனைந்த காகிதக் குழாய்போல் மூச்சுப்பாதை ஒட்டிக்கொள்கிறது. அன்று கடும் நோய்க்கு இருந்த மருத்துவம் கழுத்தில் துளையிடுவதே.

இந்நிலையை மாற்றியவர் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து மருத்துவர் காலின் சல்லிவன். கழுத்தில் துளையிட வேண்டிய நிலையில் இருந்த நோயாளி ஒருவர், 1980ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஓர் இரவு மட்டும் புதிய சோதனைக்கு இசைந்தார். வீடு கூட்டும் தூசுறிஞ்சியின் மோட்டார் போன்றதொரு விசிறி, ஒரு குழாய், மூக்கில் பொருந்தும் ஒரு கவசம் ஆகியவையே கருவி. மூக்கின்வழிச் செலுத்திய காற்றின் அழுத்தம் தொண்டையை விரித்துவைத்தது. நோயாளி அமைதியாக உறங்கினார். ஐந்து நோயாளிகளிடம் கண்ட பயனை 1981ஆம் ஆண்டு ஏப்ரலில் 'லான்செட்' இதழில் சல்லிவன் குழுவினர் வெளியிட்டனர். இன்று 'சீபாப்' என வழங்கும் கருவிக்கு அதுவே மூலம்.

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றன. அக்கருவியைப் பயன்படுத்துவோர்க்கோ தொல்லை இதன்பின்தான் தொடங்குகிறது. முதல் வாரத்திலேயே என் தொண்டை வறண்டு எரிந்தது, மூக்கு அடைத்துக்கொண்டது. நான்காம் இரவில் கவசத்தைக் கழற்றி எறிந்தேன். மறுநாள் காலையில் மனைவியின் முகத்தைப் பார்த்ததும், அவள் மீண்டும் எண்ணியிருக்கிறாள் என்பது விளங்கிற்று.

காரணம் எளியது. உடல் வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்று ஏறத்தாழ 44 மில்லிகிராம் நீராவியைத் தாங்கும். நாம் உள்ளிழுக்கும் காற்றை இந்த அளவுக்கு நனைத்து, வெப்பமேற்றி நுரையீரலுக்கு அனுப்பும் பணியில் பெரும்பகுதி மூக்கினுடையது. வெளிவிடும் மூச்சிலிருந்து சிறிது ஈரத்தை அது திரும்பப் பெற்றுக்கொள்கிறது. விசிறிக் காற்று மூக்கின்வழி புகுந்து, திறந்த வாயின்வழி ஓடிவிட்டால் மூக்குக்குச் செலவுண்டு, வரவில்லை. எத்தனை நேரந்தான் அது தாங்கும்?

இதற்கு விடை சீபாப் பிறப்பதற்கு முன்பே நியூசிலாந்தில் உருவாகியிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளியின் மூச்சுக்குழலுக்குள் நேரே காற்றைச் செலுத்துவர்; அங்கு மூக்குக்கு வேலையே இல்லை. ஆக்லாந்து மருத்துவமனையின் மருத்துவர் மாத்யூ ஸ்பென்ஸ் இவ்வறட்சிக்கு வழி தேடினார். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் பொறியாளர் ஆல்ஃப் மெல்வில் உள்ளிட்டோர் அவருக்குத் துணைநின்றனர். பழங்களைப் பதப்படுத்தி வைக்கும் கண்ணாடிச் சாடியைக் கொண்டே முதல் மாதிரியை அவர்கள் அமைத்தனர். நம் வீட்டு ஊறுகாய்ச் சாடியை ஒத்த பொருள் அது! குளிர்பதனப் பெட்டிகள் செய்துவந்த 'ஃபிஷர் அண்ட் பைக்கல்' நிறுவனம் பின்னர் அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அச்சாடியின் வழித்தோன்றலே என் படுக்கையருகில் உள்ள நீர்க்கலம். கலத்தின் அடியில் உலோகத் தகடு. அதன்கீழ்ச் சூடேறும் தட்டு. நீரின் மேற்பரப்பைத் தடவிச் செல்லும் காற்று ஆவியை ஏந்திக்கொண்டு குழாயை அடைகிறது.

கலம் வந்தது, எரிச்சல் தீர்ந்தது. ஆனால் என் அறியாமை தீரவில்லை. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரையே அதில் ஊற்றினேன். ஆவியாகிச் செல்வது நீர் மட்டும். அதிலுள்ள சுண்ணமும் பிற உப்புகளும் கலத்திலேயே தங்கும். ஒரு திங்களுக்குள் அடித்தகட்டில் வெள்ளைப் படலம் கட்டிற்று. பித்தளைக் குடம் துலக்குவதுபோல் இரும்பு நாரால் தேய்த்தேன். படலம் போகவில்லை; பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்ததுதான் மிச்சம். கீறல்களில் அழுக்கும் நுண்ணுயிரும் குடிபுகும் என்பதைப் பின்னரே அறிந்தேன். கையேடு கூறியது வேறு: காய்ச்சி வடித்த நீரே வேண்டும், படலம் கண்டால் ஒரு பங்கு வினிகரைச் சுமார் பத்துப் பங்கு நீரில் கலந்து சிறிது நேரம் ஊறவைத்துக் கழுவ வேண்டும். கையேட்டை முதலில் படிப்பவர் உலகில் உளரோ, நான் அறியேன்.

மற்றொரு பிழை, மிஞ்சிய நீரின்மீதே மறுநாள் நீரை ஊற்றியது. தேங்கிய வெதுவெதுப்பான நீரில் கிருமிகள் பெருகும். 1976இல் பிலடெல்பியாவில் கூடிய முன்னாள் படைவீரர்களைத் தாக்கிய நிமோனியாவுக்குக் காரணமான 'லெஜியோனெல்லா' நீரில் வாழும் கிருமியே; மறு ஆண்டு தொடக்கத்தில் அது கண்டறியப்பட்டது. இக்கலம் நீர்த்துளிகளைத் தெறிக்காமல் ஆவியையே தருவதால் இடர் குறைவுதான். எனினும் அந்தப் பழைய நீரை மூக்கருகே வைத்துக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. திருவரங்கத்து அரங்கனுக்கு நாள்தோறும் ஆற்றிலிருந்து புதுநீர் வருகிறது; என் கலத்துக்கும் அவ்வழக்கத்தையே கைக்கொண்டேன். காலையில் எஞ்சிய நீரைக் கொட்டி, மென்மையான சோப்பால் கழுவி, வெயில் படாத இடத்தில் கவிழ்த்துவிடுகிறேன். இரவில் கோட்டைத் தாண்டாமல் நிரப்புகிறேன். ஊருக்குப் புறப்படும்போது நீரைக் கொட்டாமல் பெட்டியை அசைக்கலாகாது. நீர் விசிறிக்குள் புகுந்துவிடும்.

பழைய கலத்தின் விளிம்பு ஒருநாள் விரிசல் கண்டது. காலையில் சூட்டுத் தட்டெல்லாம் ஈரம். அவசரத்தில் ஒரு கடையில் (பெயர் வேண்டா) வேறு மாதிரிக் கருவிக்குரிய கலத்தைத் தந்துவிட்டனர். வைத்துப் பார்த்தேன், மூடி சரியாக அமரவில்லை, சீறல் ஒலியுடன் காற்று கசிந்தது. காற்று கசிந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தொண்டை மூடும். உரிய கலம் வந்துசேர ஆறு நாள்கள் ஆயின. அந்த ஆறு இரவுகளும் நான் கருவியின்றி உறங்கினேன். என் மனைவிதான் உறங்கவில்லை.

இப்போது கலத்தை மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன். மங்கலோ, விரிசலோ, தகட்டில் குழியோ தென்பட்டால் மாற்றிவிடுவேன். மாற்றுக் கலம் ஒன்று அலமாரியில் காத்திருக்கிறது. அதன் பெட்டிமேல் கருவியின் மாதிரி எண்ணையும் வாங்கிய நாளையும் என் மனைவி தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறாள்.