கொம்பன் வண்டு கடல் தாண்டிய கதை

தென்னை வச்சிருக்கிறவங்களுக்குக் காண்டாமிருக வண்டைப் பத்திப் புதுசா சொல்ல வேண்டியதில்லை. விரியிற மட்டை கத்தரியால வெட்டின விசிறி மாதிரி இருந்தா, குருத்துக்குள்ள ஆள் இறங்கிட்டான்னு அர்த்தம். ஆனா இந்த வண்டுக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கு. அதுல நமக்குப் பாடமும் இருக்கு.

முதல்ல இதோட சாதிசனம். இது 'ஸ்காரபெய்டே' என்ற குடும்பம். உலகம் முழுக்க சுமார் 30,000 வகை. உணர்கொம்பின் நுனி புத்தகத் தாள் மாதிரி விரிந்து மூடும். முன்னங்காலில் மண் தோண்ட ரம்பப் பல் இருக்கும். புழு வெள்ளையா, பிறை போல வளைஞ்சு கிடக்கும். சாணி உருட்டுற வண்டு, நிலக்கடலை வேரைக் கடிக்கிற வேர்ப்புழுவோட தாய் வண்டு, பூவில் உட்காருகிற பூ வண்டு எல்லாம் பங்காளிகள்தான். எகிப்துக்காரங்க சாணி வண்டைச் சூரியனை உருட்டும் தெய்வமாகவே கும்பிட்டாங்க.

நம்ம கொம்பனுக்கு 1758-ல் பெயர் வச்சவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். பிறகு அதை 'ஓரிக்டிஸ்' என்ற பிரிவுக்கு மாத்தினாங்க. கிரேக்கத்தில் 'தோண்டுபவன்' என்று பொருள். பொருத்தமான பேர்தான்.

1909-ல் இலங்கையிலிருந்து பசிபிக் கடலில் உள்ள சமோவா தீவுக்கு ரப்பர் கன்றுகள் கப்பலில் போச்சு. அதோட இந்த வண்டும் போச்சு. அப்போ சமோவா ஜெர்மனி ஆட்சியில் இருந்தது. அங்கே கொப்பரைதான் பிழைப்பு. வண்டை அடக்கும் நோய் எதுவும் அந்தத் தீவில் இல்லை. தென்னைகள் வரிசையா செத்தன. விழுந்த மரம் மக்கினால் அதிலேயே அடுத்த தலைமுறை புழு வளர்ந்தது. சனங்களை வண்டு பொறுக்க வச்சும் தீரவில்லை. ஒரு தீவில் இருந்து பக்கத்துத் தீவுகளுக்கும் பரவியது.

1963-ல் ஹூகர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் மலேசியாவில் நோய்ப்பட்ட புழுக்களைப் பார்த்தார். காரணம் ஒரு வைரஸ். அதை 1967-ல் சமோவாவில் விட்டாங்க. நோய் பிடிச்ச வண்டு உடனே சாகாது. பறந்து போய் தன் கழிவு மூலமா மற்ற வண்டுக்கும் புழுவுக்கும் நோயைக் கொடுக்கும், முட்டையும் சரியா வைக்காது. வண்டைப் பிடிக்க வண்டையே அனுப்பின மாதிரி! சில வருசத்தில் மரங்கள் தேறின.

கதை அதோட முடியலை. 2007-ல் குவாம் தீவிலும் 2013-ல் ஹவாயிலும் வந்து இறங்கின வண்டு வேற ரகம். பழைய வைரசுக்கு அது அசைந்து கொடுக்கவில்லை. இத்தனைக்கும் பிறகு, ஒரே மருந்தை நம்பி உட்கார முடியாதுன்னுதான் எனக்குத் தோணுது.

எனக்குப் புரிஞ்சது இதுதான். வண்டு தின்கிறது மரத்தில், பிறக்கிறது நம்ம எருக்குழியில். பட்ட மரத்தைத் தோட்டத்தில் மக்க விடக் கூடாது. எருவைக் கிளறிப் புழுவைப் பொறுக்கணும், மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையைக் கலந்து விடணும்.

பொறுக்கும்போது ஒண்ணு கவனிங்க. புழுவைத் தரையில் விட்டால் மல்லாந்து முதுகாலேயே நகர்ந்து போச்சுன்னா அது பூ வண்டுப் புழு. குப்பையைத் தின்னு எருவாக்குற ஆள். அதை விட்டுடுங்க. வெள்ளைப் புழு எல்லாமே கொம்பன் இல்லை.