உமிக் கடகமும் பதினொரு முட்டைகளும்

சென்ற மாத உரையில் கோழி அடைவைத்தல் பற்றிச் சொன்னதைக் கேட்டுப் பலர் தொலைபேசியில் அழைத்தீர்கள். நேரம் போதாமல் விட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

கோழிமுட்டை பொரிக்க 21 நாட்கள் வேண்டும். ஏறத்தாழ 37.5 பாகை செல்சியஸ் சூடு, அளவான ஈரப்பதன், நாளுக்குச் சில தடவை புரட்டிவிடுதல், இவ்வளவும் இருந்தால் போதும். அடைக்கோழி தானாகச் செய்யும் இந்த வேலையை மனிதன் செய்து பார்த்த கதை மிகப் பழையது.

எகிப்தியர் முட்டைகளைச் சாணக் குவியலில் புதைத்துப் பொரிக்க வைத்ததாக, கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டோட்டில் எழுதியிருக்கிறார். சிராக்கியூஸ் நகரத்துக் குடிகாரன் ஒருவன் பாய்க்குக் கீழே முட்டைகளை வைத்து, அவை பொரிக்கும்வரை இடைவிடாமல் குடித்தானாம் என்ற கதையும் அவர் எழுதியதுதான். உரோமாபுரியின் லிவியா, திபேரியசை வயிற்றில் சுமந்த காலத்தில், பிறப்பது ஆணா பெண்ணா என்று அறிய ஒரு முட்டையைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பொரிக்க வைத்தாள் என்று பிளினி சொல்கிறார். வந்தது சேவல்.

எகிப்தில் பின்னர் மண் சூளைகளே வந்துவிட்டன. அங்கே வெப்பமானி கிடையாது. முட்டையைக் கண்ணிமையில் வைத்துப் பார்த்தே சூட்டை அறிந்தார்கள். பிரான்சின் அறிஞர் ரெயோமூர், பீப்பாக்களைச் சாணத்துக்குள் இறக்கி, உள்ளே வெப்பமானி வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தார். அந்த முறையை 1749இல் நூலாகவும் வெளியிட்டார்.

நமக்கு நெருக்கமானது உமி முறை. வங்காளதேசத்தில் உமி நிரப்பிய கூடுகளில் முட்டைகளை வைத்துப் பொரிக்கிறார்கள். உமி சூட்டை வெளியே விடாது. அதோடு, அடைக்காலத்தின் பிற்பாதியில் கருவே சூட்டை உண்டாக்கும். அதனால் முதிர்ந்த முட்டைகளின் சூட்டிலேயே புது முட்டைகளையும் காக்கலாம்.

இதை வாசித்தபோதுதான் என் அம்மா செய்தது எனக்கு விளங்கியது.

1995 ஒக்டோபர் 30. வலிகாமத்தை விட்டு வெளியேறச் சொல்லி அறிவித்தார்கள். எங்கள் வீட்டில் அப்போது ஒரு கோழி பதினொரு முட்டைகளோடு அடையில் இருந்தது. பதினைந்தாம் நாள். அம்மா ஒரு கடகத்தில் உமி போட்டு, முட்டைகளைப் பழஞ்சீலையில் சுற்றி உள்ளே வைத்தார். கோழியைக் கால்கட்டிச் சைக்கிளில் தொங்கவிட்டோம். மழைக்குள் சனம் நெரிந்துகொண்டு நகர்ந்தது. நாவற்குழிப் பாலத்தடியில் கட்டு அவிழ்ந்து கோழி போய்விட்டது. இரண்டு முட்டைகளும் உடைந்தன.

"இனி ஏனம்மா இதை?" என்றேன்.

"உயிர் வந்திட்டுது தம்பி. விட்டிட்டுப் போகேலாது."

அன்றிரவு முழுக்கக் கடகம் அம்மாவின் மடியில் இருந்தது. கொடிகாமத்தில் தங்கிய வீட்டில் உமியை வறுத்துக் கைச்சூட்டுக்கு ஆறவிட்டு, முட்டைகளுக்குக் கீழே பரப்புவார். பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய் விலைக்கு விளக்குச் சூடு கட்டுபடியாகாது. ஒவ்வொரு முட்டையாகக் கண்ணிமையில் ஒற்றிப் பார்ப்பார். எகிப்து பற்றி அம்மாவுக்கு யார் சொன்னார்கள்? அவருடைய அம்மாவும் அப்படித்தான் பார்ப்பாராம்.

ஒன்பதில் நான்கு பொரித்தன.

எனக்கு அப்போது சந்தோசம் இல்லை. என்னுடைய வர்த்தகப் பட்டச் சான்றிதழ் மேசை லாச்சிக்குள் கிடந்தது. அம்மா எடுத்தது முட்டையை. நோர்வேக்கு வந்து, மறுபிரதி கிடைக்கும்வரை கணக்காளர் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல் துப்புரவு வேலை செய்த காலத்தில், இதைச் சொல்லியே தொலைபேசியில் அம்மாவோடு சண்டை பிடித்திருக்கிறேன். "உன்ர கடதாசிக்குப் பிறகு வேற கடதாசி வாங்கலாம் தானே" என்பார். அந்த நான்கில் இரண்டு பேடுகள். அவற்றின் முட்டையை விற்றுத்தான் அடுத்த வருடம் தங்கச்சிக்குக் கொப்பி வாங்கியதாக அம்மா பின்னர் சொன்னார். அதை நான் கணக்கில் எடுத்ததே இல்லை.

2017இல் பாரிசில் ஆபிரகாம் பொய்ன்செவல் என்ற கலைஞர் ஒரு காட்சிக்கூடத்தில் மூன்று வாரங்களுக்கு மேல் பத்து முட்டைகளின் மேல் அமர்ந்திருந்தார். ஒன்பது பொரித்தன. செய்தியைப் பார்த்து உலகம் வியந்தது. அன்றிரவு நான் அம்மாவுக்கு அழைத்தேன். சிரித்துவிட்டு, "அவருக்கு மழை பெய்யேலத்தானே" என்றார்.

போன இளவேனிலில் இங்கே ஒஸ்லோவில் மகளோடு சேர்ந்து நானும் முயன்றேன். மீன் வரும் ரெஜிபோம் பெட்டி, வெப்பமானி, ஒரு கிண்ணம் தண்ணீர். இப்போதைய எல்ஈடி மின்குமிழ் போதிய சூடு தராது என்பது இரண்டாம் நாள்தான் உறைத்தது. வெப்ப விரிப்பு வாங்கினோம். கடை முட்டையில் கரு இராது என்பதால், சேவல் வளர்க்கும் ஒருவரிடம் ஆறு முட்டைகள் வாங்கியிருந்தோம். மூன்று பொரித்தன. குஞ்சுகளை அவரிடமே திருப்பிக் கொடுத்தோம். அம்மா இருந்திருந்தால் உமி எங்கே என்று கேட்டிருப்பார்.

நேயர்களே, உங்கள் வீடுகளிலும் இப்படி அடைவைத்த கதைகள் இருக்கும். பெரியவர்களிடம் கேட்டு எழுதியனுப்புங்கள். அடுத்த உரையில் வாசிக்கிறேன்.