தேயிலைக் கொசு: ஒரு பெயரின் நூற்றைம்பது ஆண்டுகள்

'புதிய உயிரினம் கண்டுபிடிப்பு' என்ற செய்தியை நாளிதழ்களில் வாசிக்கும்போதெல்லாம், அதுவரை உலகில் இல்லாத ஒன்று திடீரெனத் தோன்றிவிட்டதைப் போன்ற மயக்கம் நமக்கு ஏற்பட்டுவிடுகிறது. பூச்சி அங்கேயேதான் இருந்தது. அதன் மீது ஒரு பெயர் வந்து அமர்ந்த தருணமே 'கண்டுபிடிப்பு' எனப்படுகிறது. அப்பெயர் சரியான பூச்சியின் மீதுதான் அமர்ந்ததா, பிறகு எங்கெல்லாம் பறந்து சென்றது என்பது வேறு வரலாறு. தமிழில் தேயிலைக் கொசு என்று வழங்கும் சிறு நாவாய்ப்பூச்சியை முன்வைத்து அவ்வரலாற்றைச் சற்றே பார்க்கலாம்.

பெயரில் கொசு இருப்பினும் இது கொசு அன்று. மெலிந்த உடலும் நீண்ட கால்களும் கொண்ட தோற்றத்தால் வந்த பெயர் அது. மூட்டைப்பூச்சிக்குத் தூரத்து உறவான இது, செடிகளின் சாற்றை உறிஞ்சி வாழும் மிரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தில் மட்டும் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இதுவரை விவரிக்கப்பட்டிருக்கின்றன. தேயிலைக் கொசுவின் முதுகில், குண்டூசியை நட்டுவைத்தாற்போல ஒரு முள் நிமிர்ந்து நிற்கும். அதன் நுனியில் ஒரு சிறு குமிழும் உண்டு.

1858ல் விக்தோர் அந்துவான் சிஞோரே என்னும் பிரெஞ்சு அறிஞர், பிரான்சின் பூச்சியியல் சங்க இதழில், இலங்கையிலிருந்து கிடைத்த பூச்சியொன்றை விவரித்தார். மருத்துவம் பயின்ற சிஞோரே (1816–1889) தம் வாழ்நாளின் பெரும்பகுதியை நாவாய்ப்பூச்சி வகைகளுக்கே அளித்தவர். முதுகு முள்ளைக் கண்ட அவர், ஆணி, கேடயம் ஆகியவற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொற்களை இணைத்து 'ஹெலோபெல்டிஸ்' என்ற புதிய பேரினத்தை நிறுவினார். அந்தப் பூச்சிக்கு 'ஹெலோபெல்டிஸ் அந்தோனி' என்று பெயரிட்டார்.

இங்கே ஆண்டைக் கவனிக்க வேண்டும். இலங்கை மலைகள் அன்று காப்பித் தோட்டங்களாக இருந்தன. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867ல்தான். 1869ல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை வீழ்த்திய பின்னரே தேயிலை மலைகளை நிறைத்தது. ஆகவே சிஞோரே பெயர் வைத்தபோது இப்பூச்சி எவருக்கும் எதிரியாக இருக்கவில்லை. அதைப் பகைப்பூச்சியாக்கியது பின்னாளில் ஒரே செடியை மைல்கணக்கில் நட்டுவைத்த வணிகம்.

அசாமில் கதை வேறு திசையிலிருந்து தொடங்கியது. அங்கே முதலில் வந்தது சேதம். 1873ல் எஸ். ஈ. பீல் என்ற தோட்டக்காரர் அசாமின் தேயிலைப் பூச்சியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கொழுந்தில் ஊசிமுனை வாயைச் செலுத்தி இது சாற்றை உறிஞ்சும். துளைத்த இடம் பழுப்புப் புள்ளியாகும். புள்ளிகள் பெருகக் கொழுந்து சுருண்டு கருகும். முட்டைகளையும் இளந்தண்டின் உள்ளேயே செருகிவிடுவதால், இரண்டு மெல்லிய இழைகள் மட்டுமே வெளியே தெரியும். பெயர் வந்து சேர 1886 ஆயிற்று. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த சார்லஸ் ஓவன் வாட்டர்ஹவுஸ், இந்திய, ஜாவா தேயிலைப் பூச்சிகளை ஒப்பிட்டு எழுதிய கட்டுரையில் 'தெய்வோரா', 'பிராட்யி' என்னும் இரு இனங்களை விவரித்தார். 'தெய்வோரா' என்றால் தேயிலை தின்னி என்று பொருள். பெயரிலேயே குற்றப்பத்திரிகையும் சேர்ந்துவிட்டது.

இனங்கள் மூன்றாயின, அவற்றைப் பிரித்தறிவதோ எளிதாக இல்லை. ஒரே இனத்துக்குள்ளும் நிறம் மாறுபடும். 1907ல் ஹெரால்ட் மான், தெய்வோராவில் தனிப் பூச்சிகளுக்கிடையிலும் பருவங்களுக்கிடையிலும் காணும் வேறுபாடுகளையே பொருளாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அதே கட்டுரையில் 'சின்கோனே' என்ற இன்னோர் இனத்தையும் அவர் சேர்த்தார். இதற்கிடையே முதலில் பிறந்த 'அந்தோனி' என்ற பெயர் ஆசியா முழுவதும் பயணம் செய்தது. ஜாவாவிலும் மலாயாவிலும் கோகோவையும் தேயிலையையும் துளைத்த பூச்சிகள் பலவும் அப்பெயராலேயே அழைக்கப்பட்டன.

1991ல் கேரி ஸ்டோனடால் கீழைநாட்டு ஹெலோபெல்டிஸ் இனங்களையும் அவற்றைப் பற்றிய எழுத்துகளையும் சேர்த்து மறுபரிசீலனை செய்தபோதுதான் நூல்களில் படிந்திருந்த குழப்பம் தெளிந்தது. அந்தோனி இந்தியா, இலங்கைப் பகுதிக்கு உரியது. தென்கிழக்கு ஆசியாவில் அப்பெயரால் குறிக்கப்பட்டவை பிராட்யி, தெய்வோரா முதலிய வேறு இனங்கள். இதன் விளைவு சாதாரணமானதன்று. எந்தச் செடியை உண்ணும், எந்த எதிரிக்கு இரையாகும், எப்போது பெருகும் என்று பழைய நூல்களில் 'அந்தோனி'யின் பேரில் எழுதப்பட்ட ஒவ்வொரு வரியையும், இது எந்தப் பூச்சியைப் பற்றியது என்று கேட்டுக்கொண்டே மறுபடி வாசிக்க வேண்டியதாயிற்று. சுவடியில் ஓர் எழுத்துப் பிழை பாடலின் பொருளையே மாற்றிவிடுவதை அறிந்த நமக்கு இது புதிதாக இராது. பூச்சியியலிலும் பதிப்பாசிரியர்கள் தேவைப்படுகிறார்கள்.

இன்று நம் முந்திரித் தோப்புகளில் தளிரையும் பூங்கொத்தையும் கருகச் செய்யும் முதன்மைப் பூச்சி அந்த அந்தோனிதான். பூச்சிகளை விரட்டும் என்று நாம் நம்பும் வேம்பின் தளிரையும் அது விட்டுவைப்பதில்லை. பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்த முந்திரியை இந்நிலத்துப் பூச்சி தனதாக்கிக்கொண்டது. சிஞோரேயின் பூச்சித் தொகுப்போ வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வாட்டர்ஹவுஸ் பெயரிடுவதற்கு முன்பே கருகிய கொழுந்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அசாமின் தோட்டத் தொழிலாளர்கள். எந்த நிழலில், எந்த மழைக்குப் பிறகு புள்ளிகள் தோன்றும் என்று நாள்தோறும் பார்த்த கண்கள் அவை. விவரணைக் கட்டுரைகளில் அவர்களுக்கு இடமில்லை. பெயரிடும் அறிவு தவிர்க்க முடியாதது. அது பிழைத்தால் என்ன நேரும் என்பதற்கு அந்தோனியின் கதையே சான்று. எனினும் இனியொரு 'புதிய இனம்' செய்தியாகும்போது, அதை முதலில் விவரித்தவர் யார் என்பதோடு, அதற்கு முன்பே அதைப் பார்த்திருந்தவர்கள் யார் என்றும் நாம் கேட்டுப் பார்க்க வேண்டும்.