25 கிலோ இரும்புக் கவசம்.. குதிரை ஏற கிரேன் தேவைப்பட்டதா? உண்மை என்ன?

இடைக்கால ஐரோப்பாவில் தலை முதல் கால் வரை கவசம் பூட்டி, குதிரையில் போருக்குப் போனவர்கள் 'மென்-அட்-ஆர்ம்ஸ்'. இவங்க எல்லாருமே 'நைட்' கிடையாது. நைட் என்பது பட்டம். பட்டம் இல்லாதவர்களும் இதே கவசத்தோடு சண்டை போட்டார்கள்.

இவர்களை கிரேன் வைத்துத்தான் குதிரையில் ஏற்றினாங்க என்று ஒரு கதை உண்டு. 1944-ல் வந்த 'ஹென்றி தி ஃபிஃப்த்' படத்திலும் அப்படி ஒரு காட்சி வரும். அது சினிமா! 15-ம் நூற்றாண்டு முழுக் கவசத்தின் எடை சுமார் 20 முதல் 25 கிலோதான். அதுவும் மூட்டை மாதிரி ஒரே இடத்தில் அழுத்தாது, உடம்பு முழுக்கப் பிரிந்து நிற்கும். பிரெஞ்சு தளபதி பூசிக்கோ, கவசத்தோடு அங்கவடியில் கால் வைக்காமலேயே குதிரை மேல் தாவுவாராம். தலைக்கவசத்தை மட்டும் கழற்றிவிட்டு குட்டிக்கரணம் வேறு போடுவாராம்.

அப்போ சிக்கல் எங்கே? அந்தப் படம் காட்டும் அஜின்கோர்ட் போரிலேயே பதில் இருக்கிறது. 1415 அக்டோபர் 25. மழையில் ஊறிய உழவு நிலம். சேற்றில் வேகம் இழந்த பிரெஞ்சு குதிரைகள் மீது இங்கிலாந்து வில்லாளர்களின் அம்புகள் பாய்ந்தன. வீரனுக்கு இருந்த அளவு காப்பு குதிரைக்கு இல்லை. மிரண்ட குதிரைகள் திரும்பி ஓடி, பின்னால் நடந்து வந்த சொந்தப் படைக்குள்ளேயே புகுந்தன. பூசிக்கோவும் அன்று பிடிபட்டார். 1421-ல் இங்கிலாந்தில் கைதியாகவே இறந்தார்.