தோட்ட வாரியமும் தோட்டத்து மக்களும்

உழைக்கும் மக்களுக்குப் பூங்கா எதற்கு என்று கேட்பவர் நம்மிடையே உண்டு. கூலி உயரட்டும், கூரை ஒழுகாதிருக்கட்டும், பூங்காவைப் பிறகு பார்ப்போம் என்பர். பூங்காவைச் செல்வர் மாளிகையின் அணிகலனாகவே கண்டு பழகியதன் விளைவு இது. ஊருக்குப் பொதுவான ஒரு வெளியை யார் உண்டாக்குவது, யார் ஆள்வது, யாரை ஊரார் என்று எண்ணுவது என்னும் வினாக்களோடு நோக்கினால், பூங்காவின் வரலாறு மக்களாட்சியின் வரலாறே என்பது புலனாகும்.

தமிழர் இவ்வினாவை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்தனர். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊரை 30 குடும்புகளாகப் பகுத்துக் குடவோலை வழியே 30 பேரைத் தெரிந்தெடுத்த முறையை விரித்துரைக்கின்றன. சம்வற்சர வாரியத்துக்கு 12 பேர். தோட்ட வாரியத்துக்கு 12 பேர். ஏரி வாரியத்துக்கு 6 பேர். தோட்டத்தைப் பேணவென்றே ஒரு குழு! நம் நூல்கள் இதனைப் பெருமையோடு பேசுகின்றன, பேசட்டும். ஆனால் அந்தக் குடத்தில் விழுந்தது யாருடைய ஓலை? கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவன் ஓலையே விழுந்தது. மிகுதியாகக் கற்றவனுக்கு அரைக்கால்வேலி போதும் என்று ஒரு விலக்கு இருந்தது. நிலமே இல்லாதவனுக்கு எந்த விலக்கும் இல்லை. தோட்டத்துக்கு நீர் இறைத்தவனின் பெயர் குடத்தை எட்டவில்லை.

பிற்காலத்து அமெரிக்காவிலும் இதே நிலையைக் காண்கிறோம். இல்லினோய் மாநிலத்தில் 1869இல் சிக்காகோ நகரின் மூன்று புறங்களுக்கும் மூன்று பூங்கா ஆணையங்கள் சட்டத்தால் நிறுவப்பட்டன. பின்னர் 1893ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு வட்டாரத்து மக்கள் தாமே வாக்களித்துப் பூங்கா மாவட்டம் அமைக்கவும், அதற்கு வரி விதிக்கவும் வழி திறந்தது. 1894இல் பியோரியா நகர் அவ்வாறு தன் பூங்கா மாவட்டத்தை அமைத்தது. அரசன் அளித்த கொடையன்று அது. குடிகள் தம் வரியால் ஈட்டிய உரிமை.

1905இல் சிக்காகோவின் தென்புற ஆணையம் தொழிலாளர் குடியிருப்புகளின் நடுவே சிறு பூங்காக்களைத் திறந்தது. இறைச்சித் தொழிற்சாலைகளின் அருகே வாழ்ந்தோர்க்கு டேவிஸ் சதுக்கம் கிடைத்தது. குளியலறை, உடற்பயிற்சிக் கூடம், வாசிப்பறை ஆகியன அத்தகைய பூங்காக்களில் இருந்தன. அவ்வாண்டிலேயே அத்தொழிலாளரின் துன்பத்தை அப்டன் சிங்ளேர் ‘தி ஜங்கிள்’ நாவலாகத் தொடர்ந்து எழுதி வந்தார்.

எனினும் அங்கும் ‘பொது’ என்ற சொல்லுக்குள் எல்லோரும் அடங்கவில்லை. 1919 ஜூலை 27 அன்று, யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பின இளைஞன், சிக்காகோ ஏரிக்கரையில் வெள்ளையர் தமதெனக் கொண்ட நீர்ப்பரப்புக்குள் மிதந்து சென்றான். கல்லெறிக்கு உள்ளாகி நீரில் மூழ்கி இறந்தான். தொடர்ந்த கலவரத்தில் 38 உயிர்கள் பலியாயின. எழுதப்படாத கோட்டுக்கும் வேலியின் வலிமை உண்டு.

நம் சப்பிரகமுவத் தோட்டங்களைச் சூழ்ந்த கோடோ எழுதப்பட்டதே. 1930களின் இறுதியில் கிராமச் சங்கத் தேர்தலில் தோட்டத் தொழிலாளிக்கு வாக்கு மறுக்கப்பட்டது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. இதற்கிடையே 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டங்களுக்குச் செலவிடத் தடையாக நின்றது. கொடகவெல பிரதேச சபைக்கு வாக்களித்த தோட்டத்து மனிதன், அச்சபை போடும் பாதையையோ வடிகாலையோ தன் லயத்து வாசலில் எதிர்பார்க்க இயலவில்லை. வாக்கு அவனுடையது, வசதி வேலிக்கு அப்பாலிருந்தவனுடையது.

2018இல் சட்டம் திருத்தப்பட்டு இத்தடை நீங்கியது. ஆயினும் நிலத்தைப் பற்றிய வினா நீங்கவில்லை. 1975இல் அரசுடைமையான தோட்டங்களின் நிருவாகம் 1992இல் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் நீண்டகாலக் குத்தகையில் அவற்றின் கையில் உள்ளது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களமே மாலையில் பிள்ளைகளின் விளையாட்டிடமாகும் தோட்டங்கள் உண்டு. அங்கே பந்து உருள்வது உரிமையால் அன்று, அனுமதியால். அனுமதி தந்தவர் அதனை எந்நாளும் மீட்டுக்கொள்ளலாம்.

ஆகவே சபையில் அமரும் நம் பிரதிநிதிகளிடம் நாம் கேட்க வேண்டியது ஊஞ்சலும் பூச்செடியும் மட்டுமன்று. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு வெளி அளக்கப்பட வேண்டும். அது பொதுநிலமெனச் சபையின் ஏட்டில் பதியப்பட வேண்டும். அதனைப் பேணும் குழுவில் கொழுந்து பறிப்பவளும் பால் வெட்டுபவனும் அமர வேண்டும். உத்திரமேரூர்க் குடத்தில் விழாத ஓலைகள் அவர்களுடையவை. அவை விழும் நாளில்தான் தோட்ட வாரியம் என்ற பழஞ்சொல் தன் முழுப் பொருளைப் பெறும்.