சூலியா தெருவும் தாய்லாந்து விசாவும்

1909 மார்ச் 10 அன்று பாங்காக்கில் பிரிட்டனும் சயாமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு நான்கும் சயாம் பிடியிலிருந்து பிரிட்டன் பிடிக்கு வந்தன. புக்கிட் காயு ஹீத்தாமிலும் பாடாங் பெசாரிலும் இன்று நாங்கள் வரிசையில் நிற்கும் எல்லை அன்றைக்குப் போட்ட கோடு. கோடு போட்டார்களே தவிர, உடனே கதவு வைக்கவில்லை. 1918-இல் பாங்காக்கிலிருந்து வந்த ரயில் பாதை பாடாங் பெசாரில் மலாயாப் பாதையோடு சேர்ந்தது. சயாம் தன் முதல் குடிநுழைவுச் சட்டத்தை இயற்றியது 1927-இல்தான். எல்லை என்பது ஆட்களை எண்ணி, நாள் குறித்து அனுப்பும் இடமாக மாறியது நம் தாத்தாக்கள் காலத்தில். அவ்வளவு புதிய பழக்கம் இது.

என் அப்பா வந்தது கடல் வழியாக. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, பினாங்கில் இறங்கினார். மேல்தளப் பயணிகளை ஜெரஜாக் தீவில் நோய் பார்த்துத்தான் விடுவார்கள். அதைத் தாண்டினால் வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான். எத்தனை நாள் தங்குவாய் என்று யாரும் கேட்கவில்லை. 1953 ஆகஸ்ட் 1-ஆம் தேதி மலாயாவின் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அந்தக் கதவு சாத்தப்பட்டது. பின்னால் வருவதாக இருந்த சித்தப்பா பரமக்குடியிலேயே நின்றுவிட்டார். ஒரு தேதிக்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி. விசா விதி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த இருவரும்தான்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில், சூலியா தெருவில் என் தாய்மாமன் ஒரு பயணச் சீட்டுக் கடை வைத்திருந்தார். பள்ளி முடித்த கையோடு நான் அங்கே போய் உட்கார்ந்தேன். சீட்டு விற்பது பெயருக்குத்தான்; வருமானம் தாய்லாந்து விசாவில் வந்தது.

இந்தத் தொழில் பினாங்கில் வேர் பிடித்ததற்குக் காரணங்கள் உண்டு. 1980-களில் விசா இல்லாமல் தாய்லாந்துக்குள் போகும் வெள்ளைக்காரருக்குப் பதினைந்து நாள்தான் கொடுத்தார்கள். சுற்றுலா விசா எடுத்தால் அறுபது நாள். விசாவை நாட்டுக்குள்ளே இருந்துகொண்டு வாங்க முடியாது, வெளியே வர வேண்டும். கோ சாமுய், புக்கெட், கிராபி என்று தெற்கில் தங்கியவர்களுக்குப் பினாங்கில் உள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 1987-ஐத் தாய்லாந்து சுற்றுலா ஆண்டாகக் கொண்டாடிய பிறகு கூட்டம் பெருகியது. எங்கள் தெருவில் மலிவான அறைகளும் இருந்தன. போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகையை உயர்த்தவிடாமல் 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிடித்து வைத்திருந்தது. மரப் பலகைத் தடுப்புக்குள் ஒரு கட்டில், ஒரு விசிறி. சில வெள்ளிக்கு ஒரு இரவு. 2000 பிறந்ததும் அந்தச் சட்டம் போய்விட்டது, வாடகை ஏறியது, பழைய குடித்தனங்கள் பல காலி செய்துகொண்டு போயின. சூலியா தெரு மாறியதற்கு எல்லோரும் 2008-இல் கிடைத்த யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பெருமையைச் சொல்வார்கள். வாடகைச் சட்டம் போனதுதான் பெரிய அடி என்பது என் எண்ணம்.

வேலை இப்படி நடக்கும். தென் தாய்லாந்தின் ஹாட்யாயிலிருந்து வேன் மத்தியானத்துக்குள் வந்து சேரும். தாய்லாந்து நேரம் எங்களைவிட ஒரு மணி பின்னால் என்பதால், இறங்குகிறவர்கள் முதலில் கைக்கடிகாரத்தைத் திருப்புவார்கள். அன்று மாலையே பாஸ்போர்ட், இரண்டு படம், நிரப்பிய பாரம், நகல்கள் எல்லாம் எங்கள் மேசைக்கு வந்துவிட வேண்டும். மாமா ஒவ்வொரு பாஸ்போர்ட்டையும் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுவார். காலிப் பக்கம் இருக்கிறதா, ஆறு மாதம் செல்லுபடியாகிறதா, போன தடவை கொடுத்த தேதியைத் தாண்டித் தங்கியிருக்கிறாரா. பழைய விசாவின் மேல் “யூஸ்டு” என்று குத்திய முத்திரைகளை விரலால் எண்ணுவார். அது அதிகமாகத் தெரிந்தால் குரலைத் தாழ்த்தி, “டேய், இதைத் தனியா வை, நான் பேசிக்கிறேன்” என்பார். காலையில் ரப்பர் வளையம் போட்ட கட்டோடு ஜாலான் துங்கு அப்துல் ரஹ்மானில் உள்ள தூதரகத்துக்கு நான் மோட்டார் சைக்கிளில் போவேன். மறுநாள் பிற்பகல் விசா ஒட்டிக் கையில் வரும். அதற்கு அடுத்த நாள் விடியற்காலை, இருட்டோடு, அதே வேன் அவர்களை ஏற்றிக்கொண்டு போகும்.

அந்த மூன்று இரவுகளை நம்பித் தெருவில் எத்தனை பிழைப்பு! தமிழ் முஸ்லிம்களின் பணமாற்றுக் கடைகள், படித்து முடித்த நாவல்களை வாங்கி விற்கும் பழைய புத்தகக் கடைகள், படம் பிடிக்கும் கடை, இரவெல்லாம் மீ கிண்டும் ஒட்டுக்கடைகள். பாங்காக்கில் ஒரு அதிகாரி ஒரு வரியைத் திருத்தினால் இங்கே ஒட்டுக்கடைக்காரரின் கல்லாவில் தெரியும்.

தொண்ணூறுகளில் விசா இல்லாத தங்கல் முப்பது நாளாகியிருந்தது. முப்பதாம் நாள் எல்லைக்கு வந்து, வெளியே சாப்பா, உள்ளே சாப்பா என்று முத்திரை குத்திக்கொண்டு திரும்பினால் இன்னொரு முப்பது. தாய்லாந்துப் பக்கத்துச் சாடாவ் எல்லைச் சாவடியில் வருஷக்கணக்காக அப்படி வாழ்ந்தவர்கள் உண்டு. 2006 அக்டோபர் 1 முதல் தாய்லாந்து அதை நிறுத்தியது. ஆறு மாதத்தில் தொண்ணூறு நாளுக்கு மேல் விசா இல்லாமல் தங்கக் கூடாது என்றது. அதுவரை எல்லையோடு திரும்பியவர்கள் அத்தனை பேரும் பினாங்குக்கு இறங்கி வந்தார்கள். தூதரகத்தில் நான் பார்த்த மிக நீண்ட வரிசைகள் அந்த மாதங்களில்தான்.

அப்படி வந்தவர்களில் ஓர் ஆங்கிலேயப் பெரியவர் இருந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். சொங்க்லாவில் ஒரு தாய்லாந்து அம்மாவோடு நெடுங்காலமாகக் குடும்பம் நடத்தி வந்தார். ஊரில் முதல் மணவாழ்க்கையின் வழக்கு தீராததால் இவர்கள் திருமணத்தைப் பதிவு செய்ய முடியவில்லை. ஆகவே கணவன் என்ற விசா இல்லை. ஓய்வு விசாவுக்கு வங்கியில் எட்டு லட்சம் பாட் காட்ட வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம். அவருடைய பென்ஷன் அந்த அளவுக்கு வராது. மிச்சம் இருந்தது சுற்றுலாப் பயணி என்ற பெயர் ஒன்றுதான். காய்கறித் தோட்டம் போட்டு, அந்த அம்மாவின் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடும் மனிதர், எங்கள் மேசையில் குனிந்து பாரத்தில் “சுற்றுலா” என்று எழுதுவதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேராவது இப்படித்தான் இருந்தார்கள். அனுமதியில்லாமல் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள், மறைக்கவில்லை. முக்குளிப்புப் பயிற்சி தருகிறவர்கள், ஆங்கில ஆசிரியர்கள். ஆனால் அவர்களைப் பிடிக்கப் போட்ட வலை முதலில் இந்தப் பெரியவரைப் போன்றவர்களைத்தான் பிடித்தது.

பிறகு வந்த மாற்றங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2008 நவம்பர் இறுதியில் தொண்ணூறு நாள் கணக்கு போய், தரை வழியாக வந்தால் பதினைந்து நாள், விமானத்தில் வந்தால் முப்பது என்றானது. அதே நாட்களில் போராட்டக்காரர்கள் பாங்காக் விமான நிலையத்தை முற்றுகையிட்டிருந்தார்கள். பயணிகள் வராமல் போகவே, 2009-இல் சுற்றுலா விசாவுக்குக் கட்டணமே வாங்கவில்லை. 2014-இல் எல்லைச் சாவடிகளில் மறுபடி கெடுபிடி. 2015 நவம்பரில் இரண்டு நுழைவு, மூன்று நுழைவு விசாக்கள் நின்றன. 2016-இன் கடைசி நாளிலிருந்து தரை வழியே விசா இல்லாமல் வருஷத்துக்கு இரண்டு தடவைதான். கூட்டம் குறைந்தால் திறப்பதும், நிறைந்தால் சாத்துவதும் மாறி மாறி நடந்தன.

இத்தனை காலமும் சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. இந்திய பாஸ்போர்ட் என்றால் விசா எடுக்க வேண்டும், இல்லையென்றால் இறங்கிய இடத்தில் பதினைந்து நாளுக்குப் பணம் கட்டி வாங்க வேண்டும். 2023 நவம்பர் 10-இல் தாய்லாந்து இந்தியர்களை விசா இல்லாமல் விட ஆரம்பித்தது. டிசம்பர் 1-இல் மலேசியாவும் முப்பது நாள் கொடுத்தது. கொரோனாவுக்குப் பிறகு காலியாகக் கிடந்த விடுதிகளை நிரப்பத்தான் செய்தார்கள், தெரியும். இருந்தாலும் சித்தப்பாவின் பேரன் பரமக்குடியிலிருந்து கிளம்பி, எங்கள் வீட்டில் தங்கி, ஹாட்யாயும் போய் வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. சித்தப்பா அதைப் பார்க்க இல்லை.

2024 ஜூலை 15 முதல் 93 நாடுகளுக்கும் பகுதிகளுக்கும் விசா இல்லாமல் அறுபது நாள் கொடுத்தார்கள். கணினியை வைத்துக்கொண்டு எங்கிருந்தும் வேலை செய்கிறவர்களுக்கு ஐந்து ஆண்டு செல்லும் புதிய விசாவும் வந்தது. ஒவ்வொரு நுழைவுக்கும் 180 நாள். ஐந்து லட்சம் பாட் இருப்புக் காட்ட வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் உலகெங்கும் உள்ள தாய்லாந்துத் தூதரகங்கள் மின் விசாவுக்கு மாறின. பாஸ்போர்ட் கட்டைத் தூக்கிக்கொண்டு போக இனி ஆள் வேண்டாம். எங்கள் தொழில் அந்தத் தேதியோடு முடிந்தது. வேன்கள் இன்னும் ஓடுகின்றன. ஏறுகிறவர்கள் வார இறுதியில் ஹாட்யாய்க்குச் சாப்பிடவும் துணி எடுக்கவும் போகும் மலேசியர்கள்.

2025 நவம்பரில், தகுந்த காரணம் இல்லாமல் இரண்டு தடவைக்கு மேல் எல்லை போய்த் திரும்புகிறவர்களை உள்ளே விடமாட்டோம் என்று தாய்லாந்துக் குடிநுழைவுத் துறை சொன்னது. அறுபது நாளை மறுபடி முப்பதாக்க வேண்டும் என்ற பேச்சும் அந்த ஆண்டு முழுக்க இருந்தது. முப்பதோ அறுபதோ, அது அந்த நாட்டின் உரிமை. நான் கேட்பது இரண்டுதான். புதிய விதியை நாலைந்து மாதம் முன்னதாகவே சொல்லுங்கள். ஐந்து லட்சம், எட்டு லட்சம் காட்ட முடியாமல், ஊரோடு ஒட்டி வாழ்ந்துவிட்ட வயதானவர்களுக்கு, அக்கம்பக்கத்தாரின் சாட்சியை ஏற்றுத் தரும் ஓர் அனுமதியை ஏற்படுத்துங்கள். சொங்க்லாவில் அந்தப் பெரியவருக்குச் சாட்சி சொல்ல ஒரு தெருவே வந்திருக்கும்.